‘ஹேட் ஹோப்ட்’ என்று எழுதியிருந்தார்

விருதுநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில், மாடியில் இருந்தது அந்தப் பிரவுசிங் சென்டர். ஒட்டுப்பலகை அடித்துத் தடுத்த ஆறு தடுப்புகள். ஒவ்வொன்றுக்கும் பூப்போட்ட திரை. மூன்றாவது தடுப்பில் நான் உட்கார்ந்திருந்தேன். பங்குனி வெயிலில் தகரக் கூரை படபடவென்று சத்தம் போட்டது. சுவரில் மாட்டிய மின்விசிறி என் பக்கம் திரும்பும்போது திரை பறந்தது. அந்தப் பக்கம் போகும்போது வேர்த்தது.

கம்ப்யூட்டர் திரையில் நாலே நாலு வரி.

‘டியர் டீச்சர், ஐ ஃபைன். ஐ ஹேட் ஹோப்ட் டு மேரி யூ திஸ் இயர். பட் லீவ் நாட் கம், கம்பெனி டெல் ஒன் மோர் இயர். டேக் கேர் யுவர் மதர்.’

இரண்டாவது வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. உங்களைக் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று இருந்தேன். இந்த வருஷம். இருந்தேன்.

பிரிண்ட் எடுத்தேன். இன்னும் சூடாக இருந்த அந்தக் காகிதத்தை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு படி இறங்கினேன். கீழே ஒருத்தர் வெள்ளரிப்பிஞ்சைக் கீறி மிளகாய்ப்பொடி தடவிக்கொண்டிருந்தார். வேண்டுமா என்று கேட்டார். அழுகையோடு வேண்டாம் என்று சொன்னேன். பாவம், அவர் பயந்துபோனார்.

சரம் பின்னும்போது பேசிய சம்பந்தம்

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. அப்பா இல்லை. அம்மா சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் சரவெடி பின்னுகிற வேலை பார்த்தாள். இருட்டோடு கம்பெனி பஸ் வரும். ஏறிப் போனால் பொழுது சாயத்தான் திரும்புவாள். அம்மாவின் சேலையில் எந்த சோப்புக்கும் போகாத ஒரு மருந்து வாடை உண்டு. எனக்கு அது அம்மாவின் வாடை.

அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சரம் பின்னுகிறவர் ஆமத்தூர் அழகம்மாள். நான் அழகக்கா என்பேன். பின்னும்போது கண்ணும் கையும்தான் வேலை செய்ய வேண்டும். வாய் சும்மாதான் இருக்கும். அந்தச் சும்மா இருந்த இரண்டு வாய்கள் பேசி முடிவு செய்ததுதான் என் கல்யாணம்.

மாப்பிள்ளை அழகக்காவின் தம்பி செல்வம். சிவகாசியில் ஆஃப்செட் மிஷின் ஓட்டிப் பழகி, ஷார்ஜாவில் ஒரு அச்சகத்துக்குப் போனவர். லீவில் வந்தபோது எங்கள் வீட்டுக்கு வந்தார். காபி குடித்தார். அரை மணி நேரத்தில் இரண்டு தடவை என்னை நிமிர்ந்து பார்த்தார். கிளம்பும்போதுதான் பேசினார்.

“டீச்சர், மெயில் ஐடி இருக்கா?”

நான் ஒரு டுடோரியலில் போட்டித் தேர்வு எழுதுகிறவர்களுக்கு ஆங்கில இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தேன். அதனால் அந்த டீச்சர். அந்தப் பட்டம் தலைக்கேறி இருந்த காலம். கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்க எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. தமிழையே ஆங்கில எழுத்தில் அடித்திருக்கலாம். ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். நான்தான், “இங்கிலீஷ்லயே எழுதுங்க. உங்களுக்கும் பழக்கம் வரும்” என்று சொன்னேன். பெண் பார்க்க வந்தவருக்கே வீட்டுப்பாடம் கொடுத்தேன்.

அவர் அதைச் சிரத்தையாகச் செய்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் நாலைந்து வரி வரும். வரிக்கு ஒரு பிழையாவது இருக்கும். அங்கே மழையே இல்லை, ஊறுகாய் தீர்ந்துவிட்டது, மிஷினில் ரோலர் மாற்றினோம் என்று எழுதுவார். நான் பதிலோடு திருத்தமும் அனுப்புவேன். சித்திரையில் லீவு, வந்ததும் நிச்சயம் என்று பேச்சு. அம்மா ஒரு பட்டுச்சேலைகூடப் பார்த்து வைத்திருந்தாள்.

நடக்கவில்லை

இங்கே கொஞ்சம் இலக்கணம் சொல்ல வேண்டியிருக்கிறது. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பாதி வாழ்க்கையை இதை நடத்தியே கழித்தவள் நான்.

நான் எம்.ஏ. படித்தது தபாலில். எனக்கு உண்மையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தது மதுரையில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய, அட்டை இல்லாத ஓர் இலக்கணப் புத்தகம். அதில் ஒரு பக்கம், நடக்கும் என்று நினைத்து நடக்காமல் போன விஷயங்களை எந்தக் காலத்தில் சொல்வது என்பதைப் பற்றியது. நம்பினேன், எதிர்பார்த்தேன், நினைத்தேன், உத்தேசித்தேன் மாதிரியான வினைகளுக்கு முன்னால், ‘ஹேவ்’ என்பதன் இறந்தகாலமான ‘ஹேட்’ போட்டால், அது நடக்கவில்லை என்று அர்த்தம். மேற்கொண்டு எதுவும் சொல்ல வேண்டாம். ‘நான் டாக்டராக வேண்டும் என்று இருந்தேன்’ என்பதை அப்படி எழுதினால், எழுதியவர் டாக்டர் ஆகவில்லை. அவ்வளவுதான்.

புத்தகத்தை எனக்கு முன்னால் வைத்திருந்தவர் யாரோ, அந்தப் பக்கத்து உதாரணங்கள் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பென்சிலால் ‘நடக்கவில்லை’, ‘நடக்கவில்லை’ என்று எழுதி வைத்திருந்தார். கடைசி உதாரணத்துக்குப் பக்கத்தில் மட்டும் ‘பாவம்’ என்று இருந்தது.

நான் அந்தப் பாடத்தை நடத்தும்போது, பகலில் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்துவிட்டு மாலையில் படிக்க வருகிற கருப்பசாமி கை தூக்கினார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர்.

“நடக்காததுக்கு எதுக்கு டீச்சர் இம்புட்டு எலக்கணம்? நடக்கலேன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதான?”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் அந்த மெயில் வந்தது.

என்னைக் குழப்பியது இதுதான். அந்த நாலு வரியில் மற்ற வரிகள் எல்லாம் வழக்கம்போல ஓட்டை. ‘லீவ் நாட் கம்’ என்று எழுதுகிற மனிதர், ‘ஐ ஹேட் ஹோப்ட்’ என்று பிசகே இல்லாமல் எப்படி எழுதினார்? தெரியாமல் எழுதினாரா? தெரிந்து எழுதினாரா? தெரியாமல் என்றால் அது வெறும் பிழை, கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப் போகிறது. தெரிந்து என்றால் முடித்துவிட்டார்.

அம்மாவுக்கு மொழிபெயர்த்தது

அன்று மாலை காகிதத்தை அம்மாவிடம் காட்டினேன். அம்மா அதை வாங்கி, தலைகீழாக இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல், எழுத்துகளை விரலால் தடவினாள்.

“என்னம்மா எழுதிருக்காரு?”

“லீவு கெடைக்கலியாம். என்னையக் கட்டிக்கிடணும்னு இருந்தேன்னு எழுதிருக்காரு.”

“இருந்தேன்னா? இப்பவும் இருக்காராமா, இல்ல விட்டுட்டாராமா?”

“இங்கிலீஷ்ல இப்படி எழுதினா விட்டாச்சுன்னு அர்த்தம்.”

“இங்கிலீஷ்ல சரி. அவரு என்ன சொல்றாரு?”

எனக்கு எரிச்சலாக வந்தது. “அவரு இங்கிலீஷ்லதான எழுதிருக்காரு!” என்று கத்திவிட்டேன்.

அம்மா அரிசி களைந்த தண்ணீரைக் கருவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டு வந்தாள். அதற்கு அப்புறம்தான் அடுத்த விஷயத்தைச் சொன்னாள். சாத்தூர் மாமா, அம்மாவின் அண்ணன், ஒரு வரன் கொண்டுவந்திருக்கிறாராம். பஸ் கண்டக்டர், குணமான பையன். வருகிற ஞாயிற்றுக்கிழமை பூ வைக்க வரட்டுமா என்று கேட்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

மறுநாள் அம்மா வேலையில் அழகக்காவிடம் கேட்டாள். அழகக்காவுக்கு எதுவும் தெரியவில்லை. தம்பி லீவு கிடைக்காததைக்கூட அக்காவிடம் சொல்லவில்லை. அன்று முழுக்க அழகக்கா பேசாமலே பின்னினாராம். பஸ்ஸில் இறங்கும்போது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “மதினி, எம் தம்பிக்காக ஒங்க மகள உக்கார வச்சுறாதீக. நல்ல எடம்னா முடிச்சுருங்க” என்றாராம். தன் தம்பிக்கு ஆகாததை அந்த அம்மாள் எப்படிச் சொன்னார் என்று நான் இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

“நீயே கேட்டு எழுதேன்” என்றாள் அம்மா.

“நான் எதுக்குக் கேக்கணும்?”

“தெரியாதத தெரிஞ்சவுககிட்டதான கேக்கணும். அவரு மனசுல உள்ளது ஒனக்குத் தெரியுமா?”

நாலு வகையான பதில்

புதன்கிழமை டுடோரியல் முடிந்து நேராகப் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அதே மூன்றாவது தடுப்பு. கீபோர்டில் ஈ எழுத்தும் ஏ எழுத்தும் தேய்ந்து வெறும் கறுப்புப் பொத்தானாக இருந்தன.

முதலில் அடித்தது இது: நானும் உங்களை எதிர்பார்த்திருந்தேன். அவர் போட்ட அதே ‘ஹேட்’. உங்களுக்கு முடிந்துபோனது எனக்கும் முடிந்துபோனது, நல்லா இருங்கள். அடித்துவிட்டுப் பார்த்தேன். மிடுக்காக இருந்தது. ஒரு பிழை இல்லை. ஆனால் பொய்.

அழித்தேன். எதிர்பார்த்தேன் என்று சாதாரண இறந்தகாலத்தில் அடித்தேன். கோர்ட்டில் சாட்சி சொல்வதுபோல இருந்தது. அழித்தேன். நீங்கள் வந்திருக்க வேண்டும் என்று அடித்தேன். அது சண்டை. அவருக்கு லீவு கொடுக்காதவன் எவனோ, அவருடன் நான் எதற்குச் சண்டை போட?

அடுத்து பாஸ்ட் கன்டினியூவஸ். ‘ஐ வாஸ் எக்ஸ்பெக்டிங் யூ.’ எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் காலத்தில் ஒரு வசதி உண்டு. எதிர்பார்ப்பு முடிந்துவிட்டது என்றும் அது சொல்லாது, முடியவில்லை என்றும் சொல்லாது. கதவைச் சும்மா சாத்தி வைத்த மாதிரி இருக்கும். தள்ளினால் திறக்கும்.

அதை அடித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கதவைச் சாத்தி வைப்பதும் ஒரு தந்திரம்தானே என்று தோன்றியது. அவர் தள்ளினால் நான் காத்திருந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம், தள்ளாவிட்டால் நான் எப்போதோ விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். எனக்கு ரோஷம் போகாது. ஆனால் வெள்ளிக்கிழமை சாத்தூர் மாமாவுக்கு அம்மா எதைச் சொல்வாள்?

சென்டர்க்காரர் திரைக்கு வெளியே செருமினார். நேரம் முடிந்திருக்கும். “இன்னும் கொஞ்சம்” என்றேன். என் குரல் எப்படி இருந்ததோ, “இருங்க டீச்சர், இருங்க. கூட்டம் இல்ல” என்றார். திரைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் காத்திருந்தார்கள் என்பது வெளியே வந்தபோதுதான் தெரிந்தது. முகம் தெரிந்த அளவுக்கு அந்தச் சென்டர்க்காரரின் பேர் தெரியாது. அவருக்கும் என் நன்றி உண்டு.

கடைசியில் இரண்டு வரி எழுதினேன். ‘ஐ வாஸ் எக்ஸ்பெக்டிங் யூ இன் ஏப்ரல். ஐ ஆம் ஸ்டில் எக்ஸ்பெக்டிங்.’ சித்திரையில் உங்களை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன். கூடவே, வெள்ளிக்கிழமைக்குள் வேறு இடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்தேன். அனுப்பிவிட்டேன்.

வீட்டுக்கு நடந்து வரும் வழியில், மேம்பாலத்துக்குக் கீழே வரும்போதுதான் சுரீர் என்றது. இரண்டாவது வரியில் ‘உங்களை’ என்ற சொல்லை விட்டுவிட்டேன். ‘ஐ ஆம் எக்ஸ்பெக்டிங்’ என்று மொட்டையாக நிறுத்தினால் ஆங்கிலத்தில் அதற்கு வேறு அர்த்தம். நான் முழுகாமல் இருக்கிறேன்!

அவருடைய ஒரு ‘ஹேட்’டுக்கு மூன்று நாள் அழுத இலக்கண டீச்சர், கடல் தாண்டி அனுப்பிய சேதி இது. அங்கேயே நின்று சிரித்தேன். கூடவே அழுதேன். சைக்கிளில் போன ஒருவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

டுடோரியலுக்கு வந்த போன்

வியாழக்கிழமை வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது ஆபீஸ் ரூமில் இருந்து கூப்பிட்டார்கள். அவசரத்துக்கு என்று அந்த நம்பரை முதல் மெயிலிலேயே கொடுத்திருந்தேன்.

“டீச்சரா? செல்வம் பேசுறேன். சாப்பிட்டீகளா?”

“ம். சொல்லுங்க.”

“மெயிலு பாத்தேன். எங்க புரூஃப் பாக்குற மலையாளத்தான்கிட்ட காட்டுனேன். படிச்சிட்டு, இவுக ஒனக்கு யாருன்னு கேட்டான். கட்டிக்கப்போறவுகன்னேன். அப்ப சீக்கிரம் ஊருக்குப் போடாங்கிறான். எதுக்குச் சிரிக்கிறான்னு எனக்கு வெளங்கல.”

எனக்கு முகம் சுட்டது. ஆனால் ‘கட்டிக்கப்போறவுக’ என்ற சொல் காதில் விழுந்துவிட்டது. அதை விட்டுவிட்டுக் கேட்டேன்.

“நீங்க ஏன் ‘ஹேட்’ போட்டு எழுதுனீங்க?”

“அதா? எங்க மேனேஜரு எழுதுற லெட்டர்ல எல்லாம் அப்படித்தான் வரும். மரியாதையா இருக்கும்னு போட்டேன்.”

எனக்கு உடம்பே லேசானது. பிழைதான். வெறும் பிழை. சிரிக்கப் போனேன். போனில் அவர் பேச்சு ஒரு நொடி தாமதமாகத்தான் வரும். இப்போது அந்த ஒரு நொடியும் தாண்டி அமைதியாக இருந்தது.

“இல்ல டீச்சர்,” என்றார். “இப்பச் சொன்னது பொய்யி. தெரிஞ்சுதான் போட்டேன். அந்த மலையாளத்தான்கிட்ட கேட்டேன், ஆசப்பட்டேன், ஆனா நடக்காதுங்கிறத எப்படி எழுதன்னு. அவந்தான் எழுதிக் கொடுத்தான்.”

அவரே மேலே சொன்னார்.

“பாஸ்போர்ட்டு கம்பெனிகிட்ட இருக்கு. ஒரு வருசங்கிறாக. ரெண்டாகவும் ஆகும். இருங்கன்னு சொல்ல எனக்கு என்ன பாத்தியதை இருக்கு? தமிழ்ல எழுதுனா கெஞ்சிருவேன். அதான் இங்கிலீஷ்ல எழுதுனேன். நீங்க அர்த்தம் தெரிஞ்சவுக, புரிஞ்சுக்கிட்டு வேற எடம் பாத்துக்கிடுவீகன்னு…”

அவர் எழுதியவற்றிலேயே பிழையில்லாத ஒரே வரி, என்னை விட்டுவிடுவதற்காகக் கேட்டு வாங்கிப் போட்ட வரி. அந்த வரியை நான் சரியாகத்தான் படித்திருந்தேன். மனிதரைத்தான் தப்பாகப் படித்துவிட்டேன்.

“இப்ப என்ன சொல்றீங்க?” என்றேன்.

“நீங்க இன்னும் எதிர்பாக்குறேன்னு எழுதுனதுக்கப்புறம் நான் என்னத்தச் சொல்ல? வருவேன் டீச்சர். எப்பன்னு தெரியல. வருவேன்.”

லைன் அறுந்தது. வகுப்புக்குத் திரும்பினேன். எங்கே விட்டேன் என்று மறந்துபோய்க் கருப்பசாமியிடம் கேட்டேன்.

சாத்தூருக்கு அம்மா போனது

காத்திருக்கிறேன் என்று நான் சொன்னதை வைத்து, அம்மா வெள்ளிக்கிழமை வேலைக்கு லீவு போட்டுவிட்டுச் சாத்தூருக்குப் போனாள். நானும் கூடப் போனேன். மாமா சத்தம் போட்டார். அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது.

“ஏத்தா, கண்ணு முன்னாடி நிக்கிற மாப்பிள்ளைய விட்டுட்டு, தேதி சொல்லத் தெரியாதவனுக்குப் பிள்ளைய உக்கார வைக்கப் போறியா? அவன் வரலேன்னா என்ன செய்வ?”

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“வரலேன்னா அன்னைக்கு அழுதுக்கிடுறோம்ண்ணே. இன்னைக்கே எதுக்கு அழணும்?”

மாமி எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை. கண்டக்டர் வீட்டுக்கு மாமாவே போய்ப் பக்குவமாகச் சொல்லிவிட்டார். அந்தப் பையனுக்கு அந்த வருஷமே நல்ல இடத்தில் முடிந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஒரு வருஷம் என்றது ஒன்றரை வருஷமானது. அக்கம்பக்கத்தில் கேட்காதவர்கள் இல்லை. ஒரு தீபாவளி வந்து போனது. அந்த ஐப்பசியில் தொடங்கி இரண்டு மாதம் மெயிலும் வரவில்லை. அச்சகத்தில் வேலை நெருக்கடி என்று பிறகு தெரிந்தது. அந்த இரண்டு மாதமும் நான் அம்மாவிடம் எரிந்து எரிந்து விழுந்தேன். அவள் ஒருநாள்கூட, ‘நீ சொல்லித்தானே’ என்று என்னைக் கேட்டதில்லை. நானாக இருந்தால் கேட்டிருப்பேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் இன்னும் ‘லீவ் நாட் கம்’ என்றுதான் எழுதுகிறார். நான் திருத்துவதை விட்டுவிட்டேன்.

ஆவணியில் ஒரு காலை

அவர் திருவனந்தபுரத்தில் இறங்கி ரயில் ஏறிவிட்டதாகத் தகவல் வந்தது. விடிந்த கொஞ்ச நேரத்தில் விருதுநகர் ஜங்ஷனுக்குப் போய்விட்டோம். நான், அம்மா, அழகக்கா மூன்று பேரும். பட்டாசு சீசன் உச்சத்தில் இருந்த நேரம். ஒரு நாள் லீவு போடுவதென்றால் சூப்பர்வைசர் முகத்தில் முழிக்க முடியாது. இரண்டு பேரும் போட்டிருந்தார்கள். இருந்தும் பழக்கத்தில் தூக்குவாளியில் சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

ரயில் ஒரு மணி நேரம் தாமதம். அழகக்கா பிளாட்பாரத்தில் நடந்துகொண்டே இருந்தார். அம்மா ஒரு தூணோரமாக உட்கார்ந்து, கையில் எதுவும் இல்லாமலே விரல்களைச் சரம் பின்னுவதுபோல அசைத்துக்கொண்டிருந்தாள்.

அவர் இறங்கினார். முன்னைக்கு மெலிந்திருந்தார். நெற்றி ஏறியிருந்தது. அழகக்கா ஓடிப்போய் அவர் முதுகில் இரண்டு அடி அடித்துவிட்டு அழுதார். அவர் என்னைப் பார்த்தார். நான் ஒன்றரை வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த அத்தனை சொற்களையும் மறந்துவிட்டு, அவருடைய பெட்டியில் கட்டியிருந்த மஞ்சள் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா எழுந்து கிட்டே வந்தாள். அவரை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தாள்.

“வந்துட்டீகளா?”

“வந்துட்டேன் அத்தை.”

“சரி. அவளக் கூட்டிக்கிட்டுப் போயி ரெண்டு பேரும் இட்லி சாப்பிடுங்க.” பிறகு அழகக்காவின் பக்கம் திரும்பினாள். “அழகு, கண்ணத் தொடச்சுக்கோ. மணி இன்னும் ஆகல. டவுன் பஸ்ஸப் புடிச்சா அரை நாளாவது வேலைக்குப் போயிரலாம்.”

இரண்டு பேரும் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், படிக்கட்டை நோக்கி வேகவேகமாக நடந்தார்கள்.